கடல் தந்ததும் கடல் கொண்டதும்

ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி திருக்கோயிலிலிருந்து ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகக் கடற்கரைக்குச் செல்கிறது. வழியில் அது விமான நிலையத்தின் ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது. அந்தச் சில மணி நேரத்திற்கு விமானங்கள் எழுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. விமான நிலையம் அமைந்தது 1932-ஆம் ஆண்டில். இறைவன் கடலாடச் சென்ற வழியோ அதனினும் மிகப் பழையது. ஆகவே புதியது பழையதற்கு வழிவிடுகிறது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் இந்தக் காட்சியைக் கண்டு வணங்கி வருகின்றன.

ஆனால் ஊர்வலம் சென்று சேரும் அந்தக் கரை முன்போல் இல்லை. மாலை வேளைகளில் குழந்தைகள் ஓடி விளையாடிய அகன்ற மணற்பரப்பு மிகவும் குறுகிவிட்டது. 2021-ஆம் ஆண்டில் கடலோரச் சாலையே அலைகளால் இடிந்து விழுந்தது. பிறகு மண்ணுக்குள் ஆழமாகச் சுவர் இறக்கிச் சாலையைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில், டவ்தே புயலை ஒட்டி எழுந்த பேரலைகளால், 1956-இல் கட்டப்பட்ட வலியதுறைக் கடற்பாலமும் பழுதுற்றது. ‘கடல் ஏறி வருகிறது’ என்று கரையோர மக்கள் கூறுகின்றனர். கடல் ஏறுமா? ஏறினால் எவ்வளவு ஏறும்? முன்னர் எப்பொழுதேனும் இவ்வாறு ஏறியதுண்டா? இக்கேள்விகளுக்கு இந்த ஊர் மண்ணே தரும் விடைகளைச் சற்று ஆராய்வோம்.

கேரளத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் கடலைப் பற்றி இரண்டு கதைகள் தெரியும். ஒன்று, அண்டை வீட்டாரிடம் கேட்டது. பரசுராமர் தம் கோடரியை வீசியெறிய, கடல் பின்வாங்கித் தந்த நிலமே கேரளம் என்பது அக்கதை. மற்றொன்று, நம் வீட்டிலேயே கேட்டது. பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் குறிப்பிடும் செய்தி அது. ஒரு கதையில் கடல் கொடுக்கிறது. மற்றொரு கதையில் கடல் எடுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோல் தோன்றும் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. வடக்கே சில மணி நேரப் பயணத்தில் கடல் தந்த நிலத்தைக் காணலாம். தெற்கே சில மணி நேரப் பயணத்தில் குமரிமுனையில் நின்று கடல் கொண்ட திசையை நோக்கலாம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். கடல் நாள்தோறும் ஏறி இறங்குகிறது, அது ஓதம். இடவப்பாதி மழைக்காலத்தில் அலைகள் கரையை அரித்து மணலை வாரிச் செல்கின்றன. மழைக்காலம் கழிந்ததும் அமைதியான அலைகள் அம்மணலிற் பெரும்பகுதியைத் திரும்பக் கொணர்ந்து சேர்க்கின்றன. அது பருவத்தின் கணக்கு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் குளச்சலிலும் நாகப்பட்டினத்திலும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டது, கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை. இவையெல்லாம் வந்து போகும் கொந்தளிப்புகள். இவை அனைத்தையும் கழித்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் சராசரி கண்டு, ‘இதுவே கடல் மட்டம்’ என்று கூறுகிறோமே, அந்த மட்டமும் நிலையானது அன்று என்பதே நிலவியல் நமக்குக் கூறும் செய்தி.

அதற்கு முதற்சான்று நம் பூசையறையிலேயே இருக்கிறது. பத்மநாபசுவாமியின் மூலத் திருமேனி 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு அமைக்கப்பெற்றது என்பது வழிவழியாக வரும் செய்தி. சாளக்கிராமம் நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கல். அதனுள்ளே சக்கரம்போல் சுருண்டு காணப்படும் வடிவம், கடலில் வாழ்ந்து மறைந்த ஓர் உயிரினத்தின் ஓடு. ‘அம்மோனைட்’ என்று அதனை அழைப்பர். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயமலை இன்று நிற்கும் இடத்தில் ‘டெதிஸ்’ என்னும் பெருங்கடல் இருந்தது. தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்திய நிலப்பகுதி ஆசியாவுடன் மோதியபோது அக்கடலின் அடித்தளம் மடிந்து உயர்ந்து மலையாயிற்று. கடலடிச் சேற்றில் புதைந்த ஓடுகள் மலையின்மேல் கல்லாகக் கிடைப்பது இதனாலேதான். ஆக, ஆண்டுக்கு இருமுறை கடலாடச் செல்லும் இறைவனுடைய கோயிலிலேயே மறைந்துபோன ஒரு கடலின் நினைவு பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இமயம் வரை செல்லாமலும் இத்தகைய சான்றைக் காணலாம். தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் வயல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. இன்றைய கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே உள்ள ஊர்கள் அவை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, கடல் அங்கே பலமுறை வந்து வந்து போயிற்று. டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் சிமென்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புப் பாறை அந்தக் கடல் விட்டுச் சென்ற சொத்து. தமிழகத்து வீடுகள் பலவற்றின் சுவர்களை அப்பழைய கடலே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கூறினால் மிகையாகாது.

கடல் மட்டம் அக்காலத்தில் அவ்வளவு உயர்ந்திருந்ததற்குக் காரணம் என்ன? ஓர் அண்டாவில் நீர் இருப்பதாகக் கொள்வோம். அந்நீரின் மட்டம் உயர்வதற்கு மூன்று வழிகள் உண்டு. மேலும் நீர் ஊற்றலாம். உள்ள நீரைச் சூடாக்கலாம். சூடேறினால் நீர் சற்றே விரியும். அல்லது அண்டாவின் அடிப்பாகம் உள்நோக்கிப் புடைத்துக்கொள்ளலாம். கடலுக்கும் இம்மூன்று வழிகளும் பொருந்தும். பழங்காலத்தில் கடலடியில் எரிமலைக் குழம்பு மிகுதியாகப் பொங்கி, நீண்ட மலைத்தொடர்கள் புடைத்தெழுந்தன; அடித்தளம் மேலெழவே நீர் நிலத்தின்மேல் வழிந்தது. துருவங்களில் பெரும்பனித் திரளும் அன்று இல்லை. அந்த நீரும் கடலிலேயே இருந்தது. இம்மூன்றுடன் நான்காவதும் ஒன்று உண்டு. அண்டாவின் நீர் மாறாமலிருக்க, கரையாகிய நிலமே உயரலாம் அல்லது தாழலாம். கடல் ஏறியதா, நிலம் இறங்கியதா என்பதைக் கரையில் நிற்பவர் கண்ணால் மட்டும் கண்டு கூற இயலாது.

பம்பாயில் வாழும் நேயர்களுக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. 1870-களில் அத்துறைமுகத்தில் ‘பிரின்சஸ் டாக்’ என்னும் கப்பல்துறையைத் தோண்டியபோது, கடல்நீர் மட்டத்திற்குக் கீழே, சேற்றுக்குள், வேரூன்றிய நிலையிலேயே மரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்பட்டன. மரம் கடலுக்குள் முளைப்பதில்லை. ஒருகாலத்தில் காடாக இருந்த நிலம் பின்னர் நீருக்குள் சென்றது என்பது அதனால் விளங்கிற்று. அங்கே நிலம் தாழ்ந்ததைப் பெருங்காரணமாகக் கூறுவர்.

இனி நம் திருவனந்தபுரத்திற்குத் திரும்புவோம். நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் வர்க்கலை உள்ளது. கேரளக் கரையின் பெரும்பகுதி தாழ்வான மணற்கரை. வர்க்கலையிலோ செங்குத்தான செந்நிறப் பாறைச் சுவர் ஒன்று கடலை நேருக்கு நேர் எதிர்த்து நிற்கிறது. பாபநாசத்தில் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றச் சென்றவர்கள் அதன் அடியில் நின்றிருப்பர். அச்சுவரைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அது ஒரு வரலாற்று நூல். கீழே கருமையான களிமண் அடுக்குகள். அவற்றிடையே மட்கி இறுகிய மரங்களாகிய பழுப்பு நிலக்கரி. அவற்றின் மேல் பல வண்ணக் களிமண்ணும் மணற்கல்லும். எல்லாவற்றிற்கும் மேல், கேரளத்தார் வெட்டுக்கல் என வழங்கும் செம்புரைக்கல். 1882-இல் வில்லியம் கிங் என்னும் நிலவியலார் இவ்வடுக்குகளை ஆராய்ந்து, அவற்றிற்கு இவ்வூரின் பெயரையே இட்டார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இப்பாறைச் சுவரைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது.

இந்த அடுக்குகளுக்கும் கீழே என்ன இருக்கிறது? அதனை அறியக் கொல்லம் செல்லவேண்டும். அட்டமுடிக் காயலின் கரையில் படப்பக்கரை என்னும் ஊரில் சுண்ணாம்புப் பாறை வெளிப்பட்டிருக்கிறது. அதில் சிப்பிகள், சங்குகள், பவளம் ஆகியவை கல்லாகி அமைந்துள்ளன. தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழங்குறைந்த கடலிலேதான் இவை ஒருங்கே வாழும். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய கொல்லம் அத்தகைய கடலுக்குள் இருந்தது. பின்னர்க் கடல் விலகிற்று. விலகிய இடத்தில் சதுப்பும் காயலும் அடர்ந்த மரங்களும் தோன்றின. அம்மரங்களே வர்க்கலையின் பழுப்பு நிலக்கரி. அதன்பின் மழையும் வெயிலும் நெடுங்காலம் மாறி மாறிப் பாறையை அரித்து, இரும்புச் சத்தை மிஞ்சச் செய்ததால் மேலடுக்கு செம்புரைக்கல்லாயிற்று. கடல், காயல், காடு, செம்மண் என்னும் நான்கு நிலைகளை ஒரே கரையில் வரிசையாகக் காண்கிறோம்.

பாபநாசத்தில் பாறைச் சுவரின் நடுவிலிருந்து நன்னீர் ஊற்றுகள் பெருகுவதைப் பலர் கண்டு வியந்திருப்பர். மழைநீர் செம்புரைக்கல்லிலும் மணற்கல்லிலும் ஊறி இறங்குகிறது. களிமண் அடுக்கை அடைந்ததும் மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் வெளிப்படுகிறது. ஊற்றைத் தரும் இக்களிமண்ணே பாறைக்கு வலுக்குறைவையும் தருகிறது. மேலிருந்து ஊறும் நீரால் அது நெகிழ்கிறது. கீழே அலை அதனை அரிக்கிறது. தாங்குவார் இல்லாத மேற்பாறை இடிந்து விழுகிறது. ஆகவே அந்த விளிம்பில் கட்டடம் எழுப்புவோர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

கோடி ஆண்டுக் கணக்கை விடுத்து, இப்பொழுது ஆயிரம் ஆண்டுக் கணக்கிற்கு வருவோம். மனிதன் கண்ணால் கண்ட மாற்றம் இதுவே. பூமி கதிரவனைச் சுற்றும் பாதையிலும் அதன் அச்சின் சாய்விலும் மெல்ல மெல்ல மாறுதல்கள் நிகழ்கின்றன. அவற்றைத் தொடர்ந்து உலகம் குளிர்வதும் வெப்பமடைவதுமாகப் பனியூழிகள் வந்து போயின. கடைசிப் பனியூழி உச்சநிலை அடைந்தது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது கனடாவின் மீதும் வட ஐரோப்பாவின் மீதும் சில கிலோமீட்டர் கனத்திற்குப் பனி படிந்திருந்தது. அப்பனியெல்லாம் கடலிலிருந்து ஆவியாகிச் சென்ற நீரே. ஆகவே உலகெங்கும் கடல் மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது.

அன்று ஒருவர் சங்குமுகத்தில் நின்றிருந்தால் அவர் கண்ணுக்குக் கடல் தென்பட்டிராது. மேற்கே நெடுந்தூரம் சரிவான நிலமே பரந்திருக்கும். கரமனை ஆறும் நெய்யாறும் இன்று முடியும் இடத்தில் முடியாமல், அந்நிலத்தின் ஊடே பள்ளம் பறித்துக்கொண்டு மேலும் சென்றே கடலை அடைந்தன. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி இன்று பதினைந்து மீட்டர் ஆழமும் இல்லாதது. அன்று அது வறண்ட நிலம். இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். குமரிமுனைக்குத் தெற்கே, கடற்படங்களில் ‘வாட்ஜ் பாங்க்’ எனக் குறிக்கப்பெறும் ஆழங்குறைந்த மேட்டுப்பகுதி ஒன்று உள்ளது. குளச்சல், விழிஞம் மீனவர்கள் நன்கு அறிந்த வளமான மீன்களம் அது. அதன் பெரும்பகுதியும் அன்று நீருக்கு மேலே இருந்தது.

பின்னர் உலகம் வெப்பமடைந்தது, பனி உருகிற்று, கடல் ஏறத் தொடங்கிற்று. பதின்மூவாயிரம் ஆண்டுகளில் 120 மீட்டர் ஏறியது எனின், சராசரி ஒரு நூற்றாண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆனால் அது சீராக ஏறவில்லை. ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டத்தில், சில நூற்றாண்டுகள் தொடர்ந்து, நூற்றாண்டுக்கு நான்கு மீட்டர் அளவிற்கு உயர்ந்தது என கடலில் மூழ்கிய பவளப் பாறைகளை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். பவளம் நீர்மட்டத்தை ஒட்டியே வளர்வது; ஆதலால் பழைய பவளம் எந்த ஆழத்தில் கிடைக்கிறது, அதன் வயது என்ன என்று தெரிந்தால், அன்றைய கடல் மட்டம் தெரிந்துவிடும். தட்டையான கரையில் ஒரு மீட்டர் உயர்வு என்பது பல நூறு மீட்டர் நிலத்தை விழுங்கப் போதுமானது. பாட்டன் வலை உலர்த்திய மணல்மேடு பேரனுடைய காலத்தில் கடலுக்குள் போயிருக்கும்.

இங்கே நாம் குமரிக் கதையை எண்ணாமல் இருக்க முடியாது. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் சில விலங்குகளின் ஒற்றுமையை விளக்குவதற்காக, இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கவேண்டும் என்று கருதி, அதற்கு ‘லெமூரியா’ எனப் பெயரிட்டார். நம் அறிஞர் பலர் அதனையே குமரிக் கண்டம் எனக் கொண்டனர். ஆனால் கண்டங்களே நகர்கின்றன என்பது 1960-களில் உறுதிப்பட்டபின், மூழ்கிய கண்டம் தேவையில்லாது போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நிகழ்ந்த பிரிவு அது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் அடித்தளம் ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே உள்ளது. அது எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கடற்பாறையே அன்றி, மூழ்கிய நிலம் அன்று.

இதைக் கேட்டு நாம் மனம் தளரவேண்டியதில்லை. கண்டம் மூழ்கவில்லை, ஆனால் கரை மூழ்கியது உண்மை. குமரிக்குத் தெற்கே நிலம் இருந்ததும், அந்நிலத்தில் ஆறுகள் ஓடியதும், அவற்றைக் கடல் கொண்டதும் நிலவியல் ஒப்புக்கொள்ளும் செய்திகள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்நிகழ்ச்சியின் நினைவுதான் நம் இலக்கியத்தில் எதிரொலிக்கிறது என்று நிறுவுவதற்குச் சான்று இல்லை. பிற்காலத்துப் புயல்களும் ஆழிப்பேரலைகளும் கொண்ட ஊர்களின் நினைவாகவும் அது இருக்கலாம். ஆயினும் கடல் நிலத்தைக் கொள்ளும் என்பதை நம் முன்னோர் கட்டுக்கதையாக எண்ணவில்லை. தம் அனுபவமாகவே அறிந்திருந்தனர். கண்டத்தின் பெருமையைக் காட்டிலும் அந்த அறிவே நாம் போற்றத்தக்க செல்வம்.

பரசுராமர் கதைக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்ப்போம். கோவளத்திலும் விழிஞத்திலும் அலை மோதும் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவை கடல் தந்தவை அல்ல. ஆனால் ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கம் போனால், கடலுக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாக மணல்மேடுகள் வரிசையிட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு மேடும் ஒருகாலத்துக் கடற்கரை. ஏறத்தாழ ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை அடைந்து, சில இடங்களில் அதனைச் சற்றே கடந்தும் நின்று, பின்னர்த் தணிந்தது. இராமேசுவரத் தீவில் இன்று நீர்மட்டத்திற்கு மேலே காய்ந்து நிற்கும் பழம் பவளப் பாறைகள் இதற்குச் சான்று. கடல் தணியத் தணிய, ஆறுகள் கொணர்ந்த மண்ணும் அலைகள் ஒதுக்கிய மணலும் சேர்ந்து புதிய கரையை ஆக்கின. ஏறிய கடல் ஆற்றுப் பள்ளங்களில் புகுந்து, மணல்திட்டு வாயை அடைக்க, காயல்கள் தோன்றின. வேளிக் காயலிலும் பூவாற்றிலும் பொழி அடைவதும் திறப்பதும் அதே செயல் இன்றும் நடந்துகொண்டிருப்பதைக் காட்டுகின்றன.

குட்டநாட்டில் ‘கரி நிலம்’ என்று ஒருவகை வயல் உண்டு. அங்கே மண்ணைத் தோண்டினால், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறியபோது புதைந்த காட்டு மரங்கள் கருகியவைபோல் அகப்படுகின்றன. வேம்பநாட்டுக் காயலின் அடியில் படிந்த கிளிஞ்சல்களோ சுண்ணாம்பாகவும் வெண்சிமென்டாகவும் மக்களுக்குப் பயன்பட்டு வந்துள்ளன. கொச்சித் துறைமுகத்தின் வாயில்கூட, 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் திறந்தது என்பர்; வைப்பின் தீவும் அவ்வெள்ளத்தை ஒட்டி உருவாயிற்று. பழைய முசிறித் துறையின் சிறப்பு மங்க, கொச்சி ஓங்கிற்று. ஆக, கேரளத்தின் மலைகளைக் கடல் தரவில்லை. ஆனால் அதன் கரையோரத்து நெல்வயலையும் தென்னந்தோப்பையும் பெரிதும் கடலும் ஆறும் சேர்ந்தே தந்தன. அண்டை வீட்டுக் கதையிலும் உண்மை உண்டு. நம் வீட்டுக் கதையிலும் உண்மை உண்டு.

‘கடல் எப்பொழுதுமே ஏறி இறங்கி வந்திருக்கிறது எனின், இன்று ஏறுவதற்கு ஏன் அஞ்சவேண்டும்?’ என நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடந்த ஆறாயிரம் ஆண்டுகளாகக் கடல் மட்டம் பெரும்பாலும் நிலைத்து நின்றது. அந்த அமைதியை நம்பியே மனிதன் கரையில் துறைமுகம் அமைத்தான், நகர் கட்டினான், கழனி திருத்தினான். அந்த அமைதி இப்பொழுது கலைகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரி 20 செண்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் உயர்ந்து வந்திருக்கிறது. பம்பாயில் 1878 முதலும் கொச்சியில் 1939 முதலும் ஓதத்தை அளந்துவரும் கருவிகள் நம் கரைகளின் உயர்வையும் பதிந்து வைத்துள்ளன. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை கண்ட உயர்வு ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர்; அதற்கு முந்திய நூற்றாண்டில் கண்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

காரணம், முன்னர்க் கூறிய அண்டாவின் முதல் இரண்டு வழிகள். நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் விடும் கரியமில வாயு வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது. அச்சூட்டின் பெரும்பகுதியைக் கடல் ஏற்றுக்கொண்டு விரிகிறது. மலைப்பனியும் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா நிலப்பரப்பின்மேல் உள்ள பனியும் உருகிக் கடலிற் சேர்கின்றன. மிதக்கும் பனிக்கட்டி உருகினால் குவளையின் நீர்மட்டம் உயராது. ஆனால் நிலத்தின்மேல் உள்ள பனி உருகி வந்து சேர்வது புதிதாக நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். இந்த நூற்றாண்டின் முடிவிற்குள் கடல் மட்டம், நாம் வாயுவைக் கட்டுப்படுத்தும் அளவைப் பொறுத்து, ஏறத்தாழ 28 செண்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரக்கூடும் என்று பன்னாட்டு அறிஞர் குழு 2021-இல் கணித்தது. குட்டநாட்டு வயல்கள் பல இன்றே கடல் மட்டத்திற்குக் கீழே, வரம்பு கட்டிக் காக்கப்படுபவை. அங்கே ஒரு சாண் உயர்வும் சிறிதன்று.

எனினும் சங்குமுகத்தில் கண்ட அழிவு முழுவதையும் இந்தக் கணக்கிலேயே எழுதிவிடுதல் பிழையாகும். கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையோடு கரைநெடுகச் சென்றுகொண்டே இருக்கிறது. கடலுக்குள் கல்லால் அணை நீட்டினால் ஒருபுறம் மணல் குவியும்; மறுபுறம் கரை அரியும். ஆற்று மணலை அள்ளினாலும் அணையிட்டுத் தடுத்தாலும் கரைக்கு வரும் மணல் குறையும். கடற்சுவர் கட்டினால் சுவருக்குப் பின்னுள்ள நிலம் தப்பலாம்; சுவருக்கு முன்னுள்ள மணல் போய்விடும். விழிஞத்தில் 2015-இல் தொடங்கிய பெருந்துறைமுகப் பணி கரை அரிப்பை மிகுவித்தது என்று கூறி, மீனவர்கள் 2022-இல் நூறு நாளுக்கு மேல் போராட்டம் நடத்தினர். துறைமுகத்தார் அதனை மறுத்தனர். மெல்ல ஏறும் கடல், பருவந்தோறும் பெருகும் அலை, மனிதன் இட்ட கல் ஆகிய மூன்றும் ஒரே கரையில் சந்திக்கும்போது, ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறிய ஆண்டுக்கணக்கான அளவை வேண்டும். ஆக்குளத்தில் 1978-இல் தொடங்கப்பெற்ற புவி அறிவியல் ஆய்வு நிலையம் போன்றவை கரையை ஆராய்ந்து வருவதன் பயன் இதுவே.

இதற்கிடையில் பாதிக்கப்படுவோர் யார்? வலியதுறைப் பக்கம் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல, பழைய கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் ஒண்டி வாழ நேர்ந்தது. பனியூழியின் முடிவில் கடல் ஏறியபோது அன்றைய மனிதர் குடிசையைப் பெயர்த்துக்கொண்டு மேட்டிற்குப் போயிருப்பர். இன்று போக மேடு ஏது? மேட்டில் சாலையும் மாளிகையும் இருக்கின்றன. ஒருவருடைய பட்டா பெட்டியில் இருக்கிறது. பட்டாவிற்குரிய நிலமோ கடலுக்குள் கிடக்கிறது. ஓத எல்லையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் வாழ்வோர்க்கு வேறிடத்தில் வீடு தரும் ‘புனர்கேகம்’ என்னும் திட்டத்தைக் கேரள அரசு மேற்கொண்டது. ஆனால் கடலைப் பார்த்தே தொழிலுக்குப் புறப்படும் மீனவரைக் கடல் தெரியாத இடத்தில் குடியேற்றுவது எளிதன்று. படகும் வலையும் அங்கே, குடும்பம் இங்கே என்றால் வாழ்க்கை இரண்டாகிவிடும். கரைக்கு அசைய இடம் விடவேண்டும். கரையில் வாழ்பவர்க்கும் வாழ இடம் தரவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழியைக் காண்பதே இத்தலைமுறைக்கு உரிய கடமை.

அடுத்த ஆறாட்டிற்குச் சங்குமுகம் செல்லும் நேயர்கள், இறைவன் நீராடி முடிந்தபின், சற்று நேரம் அக்கரையில் நின்று பாருங்கள். நீங்கள் நிற்கும் மணல் ஒருகாலத்தில் கடலுக்கு நெடுந்தொலைவிலிருந்த உள்நாடு. கடல் அதனைத் தேடி வந்தது. நெடுங்காலம் அங்கேயே தங்கிற்று. இப்பொழுது மீண்டும் அடியெடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறது. முன்னர் அது வந்தபோது நம்மிடம் கேட்டு வரவில்லை. இம்முறையோ அதன் வருகையில் நமக்கும் பங்கு உண்டு. நம் பங்கு எவ்வளவோ, அவ்வளவிற்கு அதனைத் தணிக்கும் ஆற்றலும் நம்மிடம் உண்டு.